சிவப்பு வண்டி வரும் வரை

கோரிப்பாளையம் நாற்சந்தியில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒரு ஆம்புலன்ஸாவது கூவிக்கொண்டு போகும். பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா? மதுரைக்காரர்கள் மட்டுமல்ல, சுற்றிலும் உள்ள ஜில்லாக்காரர்களும் உயிருக்கு ஆபத்தென்றால் இங்கேதான் ஓடி வருகிறார்கள். ஆகவே, இந்தப் பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போன சங்கதி. தர்காவின் பக்கம் பூ விற்கிற அம்மாள் கட்டுகிற சரத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள்.

ஆனால் தல்லாகுளம் பக்கமிருந்து சிவப்பு வண்டி வந்தால் கதையே வேறு. பூக்காரம்மாள் எழுந்து நிற்பாள். மாடி ஜன்னல்கள் திறக்கும். "எங்கேம்மா தீ? சிம்மக்கல்லா? மாசி வீதியா?" என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள். வண்டி ஏ.வி. பாலத்தில் ஏறி மறைகிற வரையில் இந்தப் பரபரப்பு இருக்கும். எங்கே தீ என்று கேட்காதவர் கிடையாது. வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேசலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு பழையது. கண்ணகி கதை தெரியாத தமிழ் வீடு உண்டா? அந்தக் கதையில் அக்கினி தேவன் கைகட்டி உத்தரவு கேட்கிறான், ஊர் எரிகிறது, அணைப்பதற்கு ஆள் வந்ததாக மட்டும் எங்கும் காணோம்! இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்களையும், பிள்ளைகளையும், முதியவர்களையும், பசுவையும் தொடாதே என்று கண்ணகி தன் தீயிடம் சொல்லி அனுப்பினாள். இன்றைக்கு நம் வீடுகளில் பற்றுகிற தீக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. முதலில் அது தேடி வருவது அடுப்படியைத்தான்.

தீயை அணைப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டுமென்று மனிதனுக்குத் தோன்றியது சாமானியத்தில் அல்ல. பழைய ரோமாபுரியில் கிராஸஸ் என்று ஒரு பெரிய பணக்காரர் இருந்தார். எங்கேயாவது வீடு பற்றி எரிந்தால், எரிகிற வீட்டையும் அதற்குப் பக்கத்து வீட்டையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுவாராம். புளூடார்க் என்ற ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கெட்டிக்கார மனுஷர்! பிறகு கி.பி. 6-ல் அகஸ்டஸ் சக்கரவர்த்திதான் இரவு முழுவதும் ஊரைச் சுற்றித் தீயைக் காவல் காக்க ஏழு படைப் பிரிவுகளை ஏற்படுத்தினார்.

லண்டன் கதையும் சுவாரஸ்யமானது. 1666-ல் நாலு நாள் எரிந்த பெருந்தீ பதின்மூவாயிரம் வீடுகளுக்கு மேல் சாம்பலாக்கியது. அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முளைத்தன. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு படை வைத்துக்கொண்டது. தன்னிடம் பணம் கட்டிய வீட்டுச் சுவரில் தன் முத்திரைத் தகட்டை அடித்து வைத்தது. 1833-ல்தான் பத்துக் கம்பெனிகள் கூடி எல்லாப் படைகளையும் ஒன்றாக்கி, ஜேம்ஸ் பிரெய்டுவுட் என்பவரைத் தலைவராக்கின. புகைக்கு வெளியே நின்று தண்ணீரை வீசுவதில் பயனில்லை, உள்ளே போய்த் தீயின் வேரில் அடிக்க வேண்டும் என்று கற்றுக் கொடுத்தவர் அவர். 1861-ல் தேம்ஸ் நதிக்கரைக் கிடங்குகள் எரிந்தபோது, சுவர் ஒன்று இடிந்து அவர் மேலேயே விழுந்துவிட்டது. அந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு வரும்போது மறுபடியும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் சென்னைப் பட்டணத்துக்குத் தீயணைப்புப் படை வந்தது 1908-ல். இன்று அது மாகாணம் முழுவதற்கும் பரந்து, முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்களோடு இருக்கிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பம்பாயில் தீயணைப்புப் படை நகரசபையைச் சேர்ந்தது. நம் ஊரில் அப்படியல்ல. குப்பை வண்டியும் தெரு விளக்கும் மாநகராட்சியுடையவை. சிவப்பு வண்டி மாநில சர்க்காருடையது. 1985-ல் அதற்கென்று தனிச் சட்டமே செய்தார்கள். தலைமையில் ஒரு இயக்குநர். அவருக்குக் கீழே மண்டலத்துக்கு ஒருவர், மாவட்டத்துக்கு ஒருவர், நிலையத்துக்கு ஒருவர். நிலையத்தில் நிலைய அலுவலர், முன்னணித் தீயணைப்போர், தீயணைப்போர், வண்டி ஓட்டி என்று படிப்படியாக வரும். கூட்டுக் குடும்பம் மாதிரிதான். ஆனால் மணி அடித்துவிட்டால் இங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

படையின் பெயரில் இப்போது 'மீட்புப் பணி' என்பதும் சேர்ந்திருக்கிறது. வெறும் அலங்காரத்துக்காகச் சேர்த்ததல்ல. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் பசு விழுந்தாலும், சமையலறையில் நல்ல பாம்பு புகுந்தாலும், குழந்தை உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுதாலும் இவர்களைத்தான் கூப்பிடுகிறோம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது லட்சக்கணக்கான ஜனங்கள் வைகைக் கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்களே, நம் கண்ணெல்லாம் தங்கக் குதிரை மேல் இருக்கும். தண்ணீரில் யாராவது தவறி விழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு கயிறும் மிதவையுமாக நிற்கிற இவர்களை யார் பார்க்கிறோம்?

அந்தச் சிவப்பு வண்டி எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகிறது, தெரியுமா? சாதாரணமாக 4,500 லிட்டர். நம் வீட்டு மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டிகளில் நாலரை, அவ்வளவுதான். அதன் பம்பு நிமிஷத்துக்கு 1,800 லிட்டர் வரை இறைக்கும். முழு வேகத்தில் விட்டால் மூன்று நிமிஷம் தாங்காது! வண்டி வந்ததும் தண்ணீரைக் கொட்டித் தீர்க்காமல், எங்கே பற்றியிருக்கிறது, எந்தப் பக்கம் பரவுகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் விசாரிப்பது இதனால்தான். "வந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்களே!" என்று கூட்டத்தில் யாராவது கத்துவது வழக்கம். அவர்கள் பார்ப்பது வேடிக்கை அல்ல. அடுத்த தண்ணீர் வண்டி வந்து சேரும் வரை கையிலிருப்பதைச் செட்டாகச் செலவழிக்க வேண்டும். மாசக் கடைசியில் குடும்பம் நடத்துகிற நமக்குத் தெரியாத வித்தையா அது?

இந்தப் பக்கம் ஆற்றைத் தாண்டி நகரத்துக்குள் போனால்தான் நிஜமான சோதனை. மதுரையின் அழகே அதன் வீதிகள்தான். கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று அடுக்கடுக்காகச் சதுரம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வீதிகளுக்கு நடுவே ஓடுகிற சந்துகள் இருக்கின்றனவே, அவை மாட்டு வண்டிக் காலத்துச் சந்துகள். 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர், ஊரைச் சுற்றி நின்ற கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஜனங்கள் மூச்சுவிட இடம் செய்து கொடுத்தார். இடித்த இடத்தில் வந்தவையே வெளி வீதிகள். அவருடைய ஞாபகமாக நிற்பதுதான் விளக்குத்தூண். அகலம் வேண்டுமென்று பாடுபட்டவரின் நினைவுத் தூணைச் சுற்றி இன்று நடப்பதற்குக்கூட இடமில்லை! ஜவுளிக் கடைகள், பாத்திரக் கடைகள், கோணிப்பைக் கடைகள். தீபாவளிச் சமயத்தில் உள்ளே போனால் நாம் நடக்க வேண்டாம். கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அந்த விளக்குத்தூணுக்குப் பக்கத்தில்தான் நவபத்கானா தெரு. 2020-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி தீபாவளி. ஊரெல்லாம் எண்ணெய்க் குளியலுக்கு ஆயத்தமாகிற வேளையில் அந்தத் தெருவில் ஒரு ஜவுளிக் கடை பற்றிக்கொண்டது. கடை இருந்ததோ பழைய கட்டடம். தீபாவளி இரவென்றால் தீயணைப்புப் படையினருக்குப் பண்டிகையும் கிடையாது, தூக்கமும் கிடையாது. உள்ளே இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும்போதே கட்டடம் இடிந்து அவர்கள் மேல் விழுந்துவிட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களோடு இருந்தவர்களும் காயமடைந்தார்கள்.

லண்டனில் விழுந்த அதே சுவர்தான்! நூற்றைம்பத்தொன்பது வருஷம் கழித்து விளக்குத்தூணில் வந்து விழுந்தது. துணி எரியும் தீ மேலுக்கு அணைந்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அதற்குத் தண்ணீர் அடிக்க அடிக்கத் துணி மூட்டைகள் நீரை உறிஞ்சிக் கனக்கும். சூட்டில் சுண்ணாம்புக் காரை வலுவிழக்கும். மர உத்தரங்கள் கரியாகும். மேலே பாரம் ஏறிக்கொண்டே போக, கீழே தாங்குகிற பலம் குறைந்துகொண்டே வரும். பழங்கட்டடத்தில் ஜவுளி எரிவது எவ்வளவு பொல்லாதது என்பதற்குக் காரணம் இதுதான். நாம் பேரம் பேசிப் புடவை வாங்குகிற கடைகளின் பரண்களில் கூரை முட்ட அடுக்கியிருக்கும் மூட்டைகளை அடுத்த முறை நிமிர்ந்து பாருங்கள்.

கல்லுக்குத் தீ என்ன செய்யும் என்று நினைப்பீர்கள். 2018-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி இரவு மதுரையே அதைக் கண்டது. மீனாட்சி கோயிலின் கிழக்குப் பக்கத்தில், வீர வசந்தராயர் மண்டபத்திலிருந்த கடைகளில் தீப் பிடித்தது. முப்பதுக்கு மேற்பட்ட கடைகள் போயின. பல நிலையங்களிலிருந்து வண்டிகள் வந்து இரவெல்லாம் போராடின. அங்கே அடைந்திருந்த புறாக்கள் கருகி விழுந்த செய்தியைக் கேட்டுக் கண்ணீர் விடாத பெண்கள் இந்த ஊரில் குறைவு. மண்டபத்தின் கல் கூரையும் தூண்களும் விரிசல் விட்டன. ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. கருங்கல்லில் கலந்திருக்கும் படிகக்கல் 573 டிகிரிச் சூட்டில் திடீரென்று உப்பும். ஒரு மணி உப்ப, பக்கத்து மணி உப்பாமல் நிற்க, கல் தானாகவே பிளந்துவிடுகிறது. முந்நூறு நானூறு வருஷம் வெயிலையும் மழையையும் தாங்கிய கல் ஒரு ராத்திரித் தீக்குத் தாங்கவில்லை. திரும்பக் கட்டுவதற்கு நாமக்கல் பக்கத்திலிருந்து கல் தேடிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"இதெல்லாம் கடைத் தீ, கோயில் தீ. வீட்டில் இருக்கிற எங்களுக்கு என்ன?" என்கிறீர்களா? 2023 ஆகஸ்டு 26-ந் தேதி விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி நின்ற ஒரு சுற்றுலாப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லக்னோவிலிருந்து க்ஷேத்திராடனம் வந்த யாத்ரீகர்கள் அதில் இருந்தார்கள். விதியை மீறி யாரோ ஏற்றியிருந்த கேஸ் சிலிண்டரில் காலைத் தேநீருக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி, அதுவும் விடியற்காலை. கட்ராபாளையம் தெருவில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்தது. புகையில் சிக்கி இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். ஒரு தேநீர், ஒரு குளிர்சாதனப் பெட்டி! தீயணைப்புப் படையினர் பறந்துதான் வந்தார்கள். ஆனால் எவ்வளவு பறந்து வந்தாலும் முதல் ஐந்து நிமிஷம் அவர்களுடையது அல்ல, வீட்டில் இருக்கிறவர்களுடையது.

அந்த ஐந்து நிமிஷத்துக்காகச் சில வார்த்தை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். எண்ணெயை விடக் கனமான தண்ணீர் அடியில் போய், ஒரே நொடியில் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயை உங்கள் முகத்திலேயே வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடிவிட்டு, ஆறும் வரை திறக்காமல் விட்டுவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படுத்துக்கொள்ளும். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். மின்சார ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். புடவையில் தீப்பட்டால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று வீசித் தீ வளரும். அப்படியே தரையில் படுத்துப் புரள வேண்டும். வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடுங்கள். தோசை மாவு, பேனா மசி, பற்பசை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற வைத்தியம் எதுவும் வேண்டாம். பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களைக் கேட்டால் அதையெல்லாம் சுரண்டி எடுக்கிற கஷ்டத்தைச் சொல்வார்கள்.

101 என்ற எண்ணுக்குப் பேசும்போது, "சார், தீ, தீ! கோயில் பக்கத்துச் சந்து, சீக்கிரம் வாங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறவர்கள் உண்டு. மதுரையில் கோயில் இல்லாத சந்து எது? தெருப் பெயர், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், எரிவது என்ன, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று நாலு விஷயத்தைச் சொல்ல அரை நிமிஷம் போதும். எதிர்ப் பக்கத்தில் வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள். பிறகு, ஓடத் தெரிந்த ஒரு பையனைத் தெருமுனையில் நிறுத்தி வையுங்கள். சந்து வாசலில் குறுக்கே நிற்கிற மோட்டார் சைக்கிள்களை நகர்த்தச் சொல்லுங்கள். வண்டி நுழைய முடியாவிட்டால் அவர்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஒரு குழாயின் நீளம் 15 அல்லது 30 மீட்டர்தான். சந்தின் கோடி வரை ஒன்றோடொன்று மாட்டி இழுத்துப் போவதற்குள் பரணிலிருந்த தீ கூரைக்குப் போய்விடும்.

கூரை என்றதும் நெஞ்சு துணுக்குறுகிறது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

பெண் வாசகர்கள் சந்தோஷப்படக்கூடிய ஒரு சேதியும் உண்டு. 2003-ல் இந்தப் படையில் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் என்ற இரண்டு பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். பெண் பிள்ளை ஏணியில் ஏறுவாளா, புகையில் நுழைவாளா என்று கேட்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? 2012 ஜனவரி 16-ந் தேதி, மாட்டுப் பொங்கலன்று, சென்னைச் சேப்பாக்கத்தில் கலச மகால் எரிந்தது. நவாபு காலத்து மாளிகை; கூரையெல்லாம் மரம். உள்ளே நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் பட்டார். அவரோடு இருந்த வீரர் ஒருவர் இறந்துபோனார். உடம்பு தேறியதும் அந்த அம்மையார் என்ன செய்தார் என்கிறீர்கள்? மறுபடியும் அதே உத்தியோகத்துக்குத்தான் திரும்பி வந்தார்.

ஏப்ரல் 14-ந் தேதி நமக்குச் சித்திரை வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவுமாக வீடு மணக்கும். அதே தேதியில் எல்லாத் தீயணைப்பு நிலையங்களிலும் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். 1944-ம் வருஷம் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடி மருந்தும் ஒன்றாக ஏற்றி வந்த கப்பலில் தீப் பிடித்தது. பஞ்சையும் வெடி மருந்தையும் ஒரே கப்பலில் போட்ட புண்ணியவான் யாரோ! அணைக்கப் போனவர்களில் 66 பேர் கப்பல் வெடித்ததில் மாண்டார்கள். அவர்கள் ஞாபகமாக அன்றிலிருந்து ஒரு வாரம் தீத் தொண்டு வாரம்.

அந்த வாரத்தில் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் செயல்முறை காட்டுவார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். அவர்களைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டால் குழாயைக் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கவும் சொல்வார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை அகட்டி வைத்து, பின்னால் இன்னொருவரைத் தாங்கச் சொல்லிப் பிடியுங்கள். தண்ணீர் முன்னால் பாயும் வேகத்துக்குக் குழாய் நம்மைப் பின்னால் தள்ளும். தனி ஆளாகப் பிடித்தால் மலைப்பாம்பு மாதிரி திமிறிக்கொண்டு போய்விடும்.